ஒரு நிறை மட்டும் சொல்லலாம்

எங்கள் இலக்கிய வட்டத்தில் ஒரு விதி உண்டு. கதையோ கவிதையோ ஒருவர் படித்து முடித்ததும், சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு நிறை சொல்ல வேண்டும். குறை சொல்லக் கூடாது. சொல்லித்தான் தீர வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய்ச் சுவரிடம் சொல்லிக்கொள்ளலாம். இந்த விதியைப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

விதி வந்ததற்குக் காரணம் இருந்தது. செகந்திராபாத் மாரெட்பள்ளியில் நாராயணஸ்வாமி வீட்டு முன்னறையில், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை பத்தரைக்குக் கூடுவோம். ஆரம்பத்தில் பதினாறு பேர். ஒரு முறை ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் தன் கவிதையைப் படித்தார். தமிழ்ச்செல்வன் என்று ஓர் இளைஞர், ஐ.டி. வேலைக்காகப் புதிதாக ஊருக்கு வந்தவர், "சார், வரியை மடக்காம எழுதினா இது யூனியன் சுற்றறிக்கைதான்" என்று சொல்லிவிட்டார். உண்மைதான். நானே சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வங்கி அதிகாரி எழுந்து போனார். அடுத்த மாதம் அவரோடு சேர்ந்து இன்னும் நான்கு பேர் வரவில்லை. சங்கடப்பட்டுக்கொண்டு தமிழ்ச்செல்வனும் வரவில்லை. பதினாறு பத்தாயிற்று.

செகந்திராபாத்தில் தமிழ் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. தமிழ் படிக்கிறவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இன்னொரு தகராறு வந்தால் நாராயணஸ்வாமியும் அவர் வீட்டு வெண்பொங்கலும்தான் மிஞ்சும் என்று பயந்தோம். அதனால் விதி போட்டோம். ஆளுக்கு ஒரு நிறை, பிறகு டிபன்.

அதற்கப்புறம் எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம், எல்லாரும் மோசமாக எழுதினோம். 'எழுத்து நடை நன்றாக இருக்கிறது', 'தலைப்பு பொருத்தம்', 'இக்காலத்துக்குத் தேவையான கருத்து' என்று சுற்றிச் சுற்றி ஏழெட்டு நிறைகள்தான் புழக்கத்தில் இருந்தன. நானும் விலக்கில்லை. என் நாவல் பத்து வருடமாக இருபதாவது பக்கத்தில் நிற்கிறது. அந்த இருபது பக்கத்தை மூன்று முறை வட்டத்தில் படித்து, மூன்று முறையும் பாராட்டு வாங்கியிருக்கிறேன்.

இத்தனைக்கும் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. மத்திய அரசின் பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்தொரு வருடம். ஒரு திருகில் மயிரிழை பிசகு இருந்தாலும் சிவப்புச் சீட்டைக் கட்டித் திருப்பி அனுப்புவேன். வாசு என்ற என் பெயரைக் கேட்டாலே பல்லைக் கடிக்கிற சப்ளையர்கள் பாலாநகரிலும் நாச்சாரத்திலும் நிறையப் பேர். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. ஆனால் இரும்பிடம் உண்மை பேசுகிறவன் மனுஷரிடமும் பேசுவான் என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு.

தங்கம் வட்டத்துக்கு வந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. நாச்சாரத்தில் மின்சாமான் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் கிளார்க். வீடு உப்பலில். வேலூர்ப் பக்கத்திலிருந்து கன்டோன்மென்ட் வேலைக்கு வந்த கொள்ளுத்தாத்தாவோடு அவர்கள் குடும்பம் இந்த ஊருக்கு வந்தது. பள்ளியில் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்தை வீட்டில் அம்மா சொல்லிக்கொடுத்தாராம், பழைய வாரப் பத்திரிகைகளை வைத்து. பேச்சில் வேண்டாம், ஆமாம், ஏன் என்பதற்கு ஹைதராபாத் உருதுவின் நக்கோ, ஹவ், கைக்கு எல்லாம் தாராளமாகப் புழங்கும். முதல் நாள் அவர் கூச்சத்தோடு நோட்டைப் பிரித்தபோது, இன்னும் ஒரு மாமியார் மருமகள் கதை என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் படித்தது தொழிற்சாலை வாசலைப் பற்றி. பெண்கள் வேலைக்குப் போகிற இரண்டாவது கேட். உள்ளே போகும்போது டிபன் பாக்ஸைத் திறந்து காட்ட வேண்டும். வாட்ச்மேன் அழுக்கு விரலால் சோற்றைக் கிளறிப் பார்ப்பான். மத்தியானம் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட வேண்டும். ராஜம்மா என்கிற பெண் அவன் விரல் பட்ட இடத்தை மட்டும் கரண்டியால் ஒதுக்கி வைத்துவிட்டு மீதியைச் சாப்பிடுகிறாள். ஒரு மாதத்துக்குப் பிறகு ஒதுக்குவதை விட்டுவிடுகிறாள். அவ்வளவுதான் அன்றைக்குப் படித்தது.

பிறகு நாராயணஸ்வாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெண்களுக்கு நல்ல முன்னுதாரணம்" என்றார். அடுத்தவர் எழுத்து நடையைப் பாராட்டினார். என் முறை வந்தபோது நானும் எதையோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வயிறு எரிந்தது மட்டும் நினைவிருக்கிறது. அந்த அறையில் நிஜமாகவே எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எங்கள் பத்துப் பேருக்கும் அது தெரிந்தது, அவருக்கு மட்டும் தெரியவில்லை.

இரண்டு வருடம் அப்படியே போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் தங்கம் என் வீட்டுக்கு வந்தார். கையில் துணிக்கடைப் பை. அதற்குள் கையெழுத்துப் பிரதியின் ஜெராக்ஸ், இருநூற்று நாற்பது பக்கம். 'இரண்டாவது கேட்', முழு நாவல். சென்னையில் ஒரு சிறிய பதிப்பகம் போடுவதாக ஒத்துக்கொண்டு மாதக் கடைசிக்குள் கேட்டிருந்தது.

"சார், வட்டத்துல கொடுத்தா எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. அது எனக்கு நக்கோ" என்றார். "நீங்க முப்பது வருஷமா ரிஜெக்ட் பண்ண ஆளு. என் கதைய மட்டும் கைக்கு விடணும்? அடிச்சுப் போடுங்க சார். வீட்டுல காட்டலாம்னா அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. பொண்ணுக்கு அதுவும் அரைகுறை. இதப் படிக்கப்போற மொத ஆளு நீங்கதான்."

என் மனைவி கல்பகம் கொண்டுவந்த காபியை நின்றபடியே குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

நான்கு நாளில் படித்தேன். பழக்க தோஷம், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக் கட்டம் போட்டுக்கொண்டேன். வரிசை எண், பக்கம், கண்டது. ஆபீஸில் ஒவ்வொரு லாட்டுக்கும் இப்படித்தான் எழுதுவேன். முதல் ஐந்து அத்தியாயத்தில் எனக்கு வேலையே இல்லை. மூன்று எழுத்துப் பிழை, ஒரு இடத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். பல வரிகளைக் கல்பகத்தைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

ஆறாவது அத்தியாயத்தில் கதை நின்றது. தாமிரக் கம்பி திருடினாள் என்று சூப்பர்வைசர் ராஜம்மா மேல் பழி போடுகிறான். எல்லார் முன்னாலும் அவளைச் சோதனை போடுகிறார்கள். ஒன்றும் அகப்படவில்லை. மறுநாள் அவள் சிரித்த முகத்தோடு வேலைக்கு வந்து அவனை மன்னித்துவிடுகிறாள். அங்கிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் மன்னிப்புதான். ராஜம்மா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் புத்திமதி சொல்கிறாள். சூப்பர்வைசர் காலில் விழுந்து அழுகிறான். அவன் பெண்டாட்டி அழுகிறாள். முதல் தொண்ணூறு பக்கத்தை எழுதின கை இதை எழுதியிருக்கும் என்று நம்ப முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல பொருளைக் கெடுத்து அனுப்புகிற சப்ளையர் மேல் வருகிற கோபம். ஐம்பத்தேழு குறிப்பு எழுதினேன், பதினோரு பக்கம். முப்பத்துநான்காவது குறிப்பில் இப்படி எழுதினேன்: 'இவ்வளவு நடந்தும் இந்தப் பெண்ணுக்குக் கோபமே வரவில்லையே, ஏன்? இங்கே இருந்திருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லை. அது என்னவென்று ஆசிரியருக்குத்தான் தெரியும்.' கடைசியில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அதுவும் பழக்கம்தான்.

கல்பகம் பதினோரு பக்கத்தையும் படித்தாள். "நன்னா எழுதியிருக்கேள். உங்க நாவலை விட இது நன்னா இருக்கு" என்றாள். "நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துடுங்கோ. மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும், அவாளுக்கு நாள் இல்லை."

மறுநாள் மெட்டுகூடாவில் மெட்ரோ ஏறி உப்பலுக்குப் போனேன். ஜெராக்ஸும் குறிப்பும் தோள்பையில். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். முதல் ஐந்து அத்தியாயத்தைப் பாராட்டிவிட்டு, மெதுவாக ஆறாவதுக்கு வருவதாகத் திட்டம்.

கதவைத் திறந்தது அவர் மகள் ஹர்ஷிதா. கல்லூரி கடைசி வருடம். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "அங்கிள், புக் எலா உந்தி? நிஜம் செப்பண்டி" என்று தெலுங்கில் கேட்டாள். எப்படி இருக்கிறது, உண்மையைச் சொல்லுங்கள் என்கிறாள். அம்மா நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, போன் அடித்தாலே ஓடுகிறாள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் வருவதாகப் போனில் சொல்லியிருந்ததால் தங்கம் அன்றைக்கு லீவு போட்டிருந்தார். எனக்காகப் பூரியும் கிழங்கும் செய்து மேஜையில் மூடி வைத்திருந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் உட்காரவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு சமையலறை வாசலிலேயே நின்றார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்ததெல்லாம் போயிற்று.

"பிரமாதம் தங்கம்" என்றேன்.

ஹர்ஷிதா கைதட்டினாள். தங்கம் அப்போதும் நகரவில்லை. "நெஜமாவா சார்? குறை ஒண்ணும் இல்லியா?"

"மூணு எழுத்துப் பிழை. அவ்வளவுதான்."

"நடுவுல ஏதாவது விட்டுப்போன மாதிரி இருக்கா? ஆறாவது அத்தியாயத்துல?"

நான் அந்தக் கேள்வியை யோசித்துப் பார்க்கவில்லை. அவரே என் கையில் சாவியைக் கொடுத்து உள்ளே வா என்று கூப்பிட்டது போன்ற கேள்வி அது. நான் போகவில்லை. "ஒண்ணும் விட்டுப்போகலை. ஒரு எழுத்தைக்கூட மாத்தாதீங்க. இப்படியே அனுப்பிடுங்க" என்றேன். நான்கு பூரி சாப்பிட்டேன். ஜெராக்ஸை மட்டும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பல நாள் இதற்கு இரக்கம் என்று பெயர் வைத்திருந்தேன். அவர் மகள் எதிரில், சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது என்று. அதுவும் உண்மைதான். வட்டத்தின் பழக்கம் நாக்கில் ஊறிப் போயிருந்தது, அதுவும் உண்மை. ஆனால் மூன்றாவதாக ஒன்று இருந்தது. ஆறாவது அத்தியாயத்தில் நாவல் சரிந்ததைப் பார்த்தபோது, கோபத்துக்கு அடியில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இவராலும் முடியவில்லை என்கிற நிம்மதி. அந்தப் பதினோரு பக்கத்தைக் கொடுத்திருந்தால் அவர் அதைச் சரி செய்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். இதை எழுதுகிறபோதே கை கூசுகிறது.

வீட்டுக்கு வந்ததும் கல்பகம் கேட்டாள், "கொடுத்தேளா?"

"அவா பொண்ணு இருந்தா. அவா முகத்தைப் பார்த்தா..."

"முகத்தைப் பார்க்கவா போனேள்?" என்றாள். நான் இன்னும் ஏதோ மழுப்பினேன். அவள் என் பையிலிருந்து தாள்களை எடுத்து அலமாரியில் வைத்தாள். அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை.

புத்தகம் வந்தது. நாராயணஸ்வாமி வீட்டிலேயே வெளியீட்டு விழா. ஆளுக்கு ஒரு நிறை சொன்னார்கள். எனக்கு மட்டும் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். ராஜம்மாவின் மன்னிக்கும் மனத்தைப் பற்றி உருகி உருகிப் பேசினேன். தங்கம் முன் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கே என் பேச்சு நன்றாக இருந்தது போலத் தோன்றியது, வெட்கக்கேடு.

பிறகு எட்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. புத்தகத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, யாரும் கேட்கவில்லை. தங்கம் வட்டத்துக்கு வருவார், மற்றவர்கள் படிப்பதைக் கேட்பார், தான் எதுவும் கொண்டுவர மாட்டார். கேட்டால், வருது சார், வருது என்பார்.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்தார். தமிழ்நாட்டிலிருந்து வரும் சிற்றிதழ் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அதில் பூர்ணா என்கிற பெண் அரைப் பக்கம் மதிப்புரை எழுதியிருந்தார். தங்கம் அந்தப் பக்கத்தை மடித்து என்னிடம் நீட்டினார்.

'முதல் ஐந்து அத்தியாயங்களைப் படிக்கும்போது சாய்ந்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தேன். ஆறாவதில் ஆசிரியர் எங்கேயோ போய்விட்டார். வேறு யாரோ வந்து மீதியை முடித்திருக்கிறார்கள். அச்சுக்குப் போகும் முன் இதைப் படித்துச் சொல்ல இவருக்கு ஒரு நண்பர்கூட இல்லையா?'

"நெஜமா சார்?" என்றார் தங்கம். "இந்தம்மா சொல்றது சரியா?"

இன்னொரு சந்தர்ப்பம் கிடைத்தது பாருங்கள். அதையும் பாழாக்கினேன். "இவங்கள்லாம் அப்படித்தான் தங்கம். யாராவது நன்னா எழுதினாப் பொறுக்காது. நீங்க மனசுல போட்டுக்காதீங்க" என்றேன்.

கல்பகம் சமையலறையிலிருந்து வந்தாள். என்னைப் பார்க்கவேயில்லை. நேராக அலமாரியைத் திறந்து அந்தத் தாள்களை எடுத்துத் தங்கத்தின் மடியில் வைத்தாள்.

"இதையும் படிச்சுப் பாருங்கோ. ஒரு வருஷமா இங்கேதான் கிடக்கு" என்றாள்.

தங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதல் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு படிக்க ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. எதிரில் வைத்த காபி ஆடை கட்டிவிட்டது. நான் எழுந்து போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் செய்தித்தாளை வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். 'இந்தப் பக்கத்தில் ஐந்து பேர் அழுகிறார்கள், ஒருவர் போதும்' என்று நான் எழுதியிருந்த இடம். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு ஒரு நப்பாசை வந்தது, கோபித்துக்கொள்ள மாட்டார் என்று.

கடைசித் தாளில் தேதியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒம்பதாந் தேதி போட்டிருக்கு. நீங்க எங்க வீட்டுக்கு வந்தது பத்தாந் தேதி."

"ஆமாம்."

"அன்னைக்கு இது உங்க பையில இருந்துச்சா?"

"இருந்தது" என்றேன். "தப்புப் பண்ணிட்டேன் தங்கம். சொல்லத் தைரியம் வரலை. நீங்க என்னை விட நன்னா எழுதறீங்கங்கற வயித்தெரிச்சலும் இருந்தது. மன்னிச்சுடுங்க."

அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலாம். தாள்களை ஒழுங்காக அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இந்த மாதிரி என்ன யாரும் படிச்சதே இல்ல சார். ஒவ்வொரு வரியா படிச்சிருக்கீங்க. இதப் போயி கைக்கு ஒளிச்சு வச்சீங்க?" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

பிறகு முப்பத்துநான்காவது குறிப்பில் விரலை வைத்தார். "இது மட்டும் எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"எது?"

"ஏதோ ஒண்ணு இல்லேன்னு. இருந்துச்சு சார். நாப்பத்திரண்டு பக்கம் இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார்.

"ராஜம்மா எங்கம்மாதான் சார். அந்த ஃபேக்டரி, அந்த கேட், எல்லாம் அம்மா வேலை செஞ்ச எடம். எல்லார் எதிர்லயும் சோதனை போட்டாங்கல்ல, அன்னைக்கு வீட்டுக்கு வந்து அம்மா மன்னிக்கல்லாம் இல்ல. ஒரு மாசம் திட்டினாங்க. தமிழ்ல, தெலுங்குல, உருதுல, எல்லாத்துலயும். சூப்பர்வைசர, வாட்ச்மேன, பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்த பொம்பளைங்கள, எங்கப்பாவ, சாமிய. கடைசி காலத்துல படுக்கையில இருந்தப்போ ஒரு நாள் நான் கேட்டேன். மறுபடி ஆரம்பிச்சாங்க. நாப்பது வருஷம் ஆகியும் ஒண்ணும் குறையல. தெனமும் வேலை முடிஞ்சு வந்து பக்கத்துல உக்காந்து, அவங்க சொல்லச் சொல்ல அப்படியே எழுதினேன். அதான் மொதல்ல எழுதின ஆறாவது அத்தியாயம்."

"அதை ஏன் எடுத்தேள்?" என்று கல்பகம் கேட்டாள்.

"அம்மா போயிட்டாங்க மாமி. போன பின்னாடி படிச்சா, அய்யோ, படிக்கிறவங்க அம்மாவ என்ன நெனைப்பாங்கன்னு தோணுச்சு. அவ்வளவு கெட்ட வார்த்த. எடுத்துட்டு, மன்னிச்சுட்டாங்கன்னு எழுதினேன். ஆனா தூக்கிப் போடல. தனியா கட்டி வச்சிருந்தேன். சார் படிக்கட்டும், ஏதோ கொறையுதுன்னு அவரே சொன்னாருன்னா திரும்ப வச்சுடலாம்னு." என் பக்கம் திரும்பினார். "அதான் அன்னைக்கு அப்படிக் கேட்டேன்."

நான் கேட்டேன், "அந்தப் பக்கங்கள் இப்ப எங்க?"

"நீங்க வந்துட்டுப் போன மறுநாள் பழைய பேப்பர்க்காரர் வந்தாரு. பழைய நோட்டெல்லாம் போட்டேன். அதோட அதையும் போட்டுட்டேன். சாரே ஒண்ணும் விட்டுப்போகலன்னுட்டாரு, அப்புறம் அம்மா திட்டினத வீட்டுல எதுக்கு வச்சிருக்கணும்னு நெனச்சேன்."

"ஜெராக்ஸ்?"

"எடுக்கல சார். அத எவன்கிட்ட கொண்டுபோயி ஜெராக்ஸ் போடறது? கூச்சமா இருந்துச்சு."

நான் என்னென்னவோ பேசினேன். அசடு வழியப் பேசினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதலாம், பதிப்பகத்திடம் இரண்டாம் பதிப்புக்கு நான் பேசுகிறேன், தினமும் உப்பலுக்கு வந்து உட்கார்ந்து படிக்கிறேன், இந்தத் தடவை ஒவ்வொரு வரிக்கும் உண்மை சொல்கிறேன் என்று அடுக்கினேன். அவர் முழுக்கக் கேட்டார். யார் என்ன படித்தாலும் அவர் அப்படித்தான் கேட்பார்.

"எழுதிப் பாத்துட்டேன் சார். புக் வந்த பின்னாடி எனக்கே என்னவோ சரியில்லன்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. உக்காந்தா எனக்கு வர்ற கோபம்தான் வருது. என்னோடது ஆபீஸ்காரங்க கோபம், சத்தமே வராது. அவங்களோடது அப்படி இல்ல. திட்டிக்கிட்டே இருப்பாங்க, திடீர்னு நடுவுல சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பையும் எழுதி வச்சிருந்தேன், எந்தெந்த எடத்துல சிரிச்சாங்கன்னு. எதுக்குச் சிரிச்சாங்கன்னு மட்டும் அப்போ கேக்கல. எழுதிட்டோமே, அப்புறம் பொறுமையா படிச்சா புரியும்னு விட்டுட்டேன்."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"இனிமே யாருகிட்ட சார் கேக்கறது?"

கல்பகம் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நான் என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.